செண்டுமல்லி போடப் போகிறீர்களா? நடுவதற்கு முன்பே மானியத்துக்குப் பதியுங்கள்

செண்டுமல்லிக்கு மானியம் உண்டு என்பது பல பேருக்குத் தெரியும். ஆனால் பாதிப் பேர் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போவதே நட்டு முடித்த பிறகுதான். அப்போது போய்ப் பலனில்லை. இந்த உதவி பெரும்பாலும் பணமாக வராது, நடவுச் செடியாகத்தான் வரும். நட்ட வயலுக்கு எதைக் கொடுப்பார்கள்?

கேந்தி, துலுக்கச் சாமந்தி என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும் திட்டத்தில் இது 'உதிரிப் பூக்கள்' வகையில்தான் வரும். ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று செலவைப் பகிர்ந்துகொள்ளும் தோட்டக்கலை ஒருங்கிணைந்த வளர்ச்சி இயக்கத்தின் ஒரு பகுதி இது. 2014 வழிகாட்டுதல்கள் ஒரு எக்டருக்கு 40,000 ரூபாய் சாகுபடிச் செலவு என்று கணக்கிட்டன. அதில் சிறு, குறு விவசாயிக்கு 40 சதவீதம், அதாவது 16,000 ரூபாய். மற்றவர்களுக்கு 25 சதவீதம், 10,000 ரூபாய். ஒருவருக்கு 2 எக்டர் வரைதான். அந்தக் கணக்கில் சிறு விவசாயிக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 6,500 ரூபாய் வந்தது. தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால், இந்த ஆண்டுக் கணக்கை உங்கள் வட்டார உதவி தோட்டக்கலை அலுவலரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

45க்கு 35 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 25,000 நாற்றுக்கு மேல் பிடிக்கும். அதனால் மானியம் மொத்தச் செலவையும் தாங்கும் என்று எண்ணி இறங்க வேண்டாம். ஆனாலும் தொடக்கத்தில் கையைக் கடிக்கும் நாற்றுச் செலவில் ஒரு பகுதி குறைவது சின்ன விஷயமில்லை.

பதிவுக்குக் கணினிச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் வேண்டும். சிறு, குறு விவசாயி என்றால் அதற்கான சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது கையில் இல்லாததால்தான் பலர் 40 சதவீதத்தை விட்டுவிட்டு 25க்கு ஒத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது மனசு பொறுக்காத விஷயம். 5 ஏக்கருக்குள் நிலம் வைத்திருப்பவர் அந்தச் சான்றை எடுக்காமல் விடவே கூடாது. கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கு எது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தாள்கள் தயாரானதும் தமிழ்நாடு அரசின் உழவன் கைபேசிச் செயலியிலோ நேரிலோ பதியலாம்.

எப்போது பதிவது? ஆயுத பூஜையை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். நட்ட 60 நாளில் பூ வரத் தொடங்கும், நாற்றங்காலில் மூன்று நான்கு வாரம் ஆகும். பண்டிகை அக்டோபர் முதல் பாதியில் என்றால் ஜூலைக் கடைசியில் நடவு, ஜூலைத் தொடக்கத்தில் விதைப்பு. அப்படியானால் மே, ஜூனுக்குள் உங்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆண்டுக்கு இத்தனை எக்டர் என்று இலக்கு இருக்கும், அது முடிந்தால் அடுத்த ஆண்டுதான்.

அப்புறம், நாற்று கொடுக்கிறார்கள் என்று அப்படியே வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். நாற்று வளர்ந்திருக்கும் குழித்தட்டு ஒன்றை எடுத்து, அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றை உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, மண்கட்டியைச் சுற்றிப் பிடித்திருந்தால் நல்லது. வேர் பழுப்பேறி, தண்டு வெளிறி நெட்டையாக இருந்தால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேளுங்கள். மானியத்தில் வருவது என்பதற்காகச் சொத்தை நாற்றை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, நல்ல நாற்றைக் கேட்பது உங்கள் உரிமை.

சொட்டுநீருக்குத் தனித் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு அரசு நிர்ணயித்த செலவில் 100 சதவீதம், 5 ஏக்கர் வரை. மற்றவர்களுக்கு 75 சதவீதம். பூவுக்குப் பதியும் நாளிலேயே இதற்கும் விண்ணப்பித்தால் இன்னொரு நடை மிச்சம். குழாயும் நடவுக்கு முன்பே வயலில் இறங்கிவிட வேண்டும். நட்ட பாத்தியில் பிறகு குழாய் இழுத்தால் செடி மிதிபடும்.