நன்றாகத் தெரிகிறதே, எதற்கு மருந்து விட வேண்டும்?

தருமபுரி கடைத்தெருவில் நடந்தால் 'கம்ப்யூட்டர் மூலம் கண் பரிசோதனை' என்ற பலகை கண்ணில் படாமல் போகாது. அந்தக் கருவியோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. எந்தப் பவர் போட்டால் எழுத்து தெளியும் என்று சொல்வது அதன் வேலை. அதைச் சரியாகவே செய்கிறது. ஆனால் மைனஸ் 8, மைனஸ் 10 பவர் உள்ளவர்களும் அந்தச் சீட்டை நீட்டி, "போன மாதம்தான் கண்ணைக் காட்டினேன், டாக்டர்" என்று சொல்லும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. அவர்கள் காட்டியது பவரை. கண்ணின் உட்புறத்தை அன்று யாரும் பார்க்கவில்லை.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்ணின் நீளத்தால் வருவது. பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 23 முதல் 24 மி.மீ. இருக்கும். அதில் 1 மி.மீ. கூடினாலே ஏறக்குறைய மூன்று பவர் மைனஸில் ஏறிவிடும். மைனஸ் 6ஐத் தாண்டியவர்களின் கண் பெரும்பாலும் 26 மி.மீ. அளவிலோ அதற்கு மேலோ இருக்கிறது. கண் நீள்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் விழித்திரை கூடுதலாக முளைப்பதில்லை. இருப்பதே இழுபட்டு மெலிகிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்கும்போது ஓரத்தில் ஆங்காங்கே ஓட்டை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திரையிலும் ஓட்டை விழுவது பெரும்பாலும் ஓரத்தில்தான். அந்த ஓட்டை வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் புகுந்தால் திரை பின்சுவரிலிருந்து பிரிகிறது. வலியே இருக்காது.

ஓரத்தை முழுமையாகப் பார்க்கக் கண்பாவை விரிய வேண்டும். அதற்குத்தான் சொட்டு மருந்து. விட்டதும் சற்று எரியும். அரை மணி நேரத்தில் கண்பாவை விரிந்துவிடும். உங்களைப் படுக்க வைத்து, தலையில் விளக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, மேலே பாருங்கள், கீழே பாருங்கள், மூக்குப் பக்கம் பாருங்கள் என்போம். தேவைப்பட்டால் சிறிய உலோகக் கருவியால் இமைமேல் மெல்ல அழுத்துவோம். மறைந்திருக்கும் ஓரம் அப்போது எழும்பிப் பார்வைக்கு வரும். செம்மஞ்சள் பரப்பின் நடுவே நீள்வட்டமாக ஒரு மெலிந்த திட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடுகள், சில இடங்களில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அதை 'லேட்டிஸ்' என்கிறோம். லேட்டிஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் பயந்து லேசருக்கு ஓட வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுதோறும் பார்த்துவந்தால் போதும். திரை கிழிந்து இழுபட்டிருந்தாலோ, மறு கண்ணில் ஏற்கெனவே திரை பிரிந்திருந்தாலோ கதை வேறு. அப்போது லேசரால் கிழிசலையோ திட்டையோ சுற்றிப் பற்றவைக்கிறோம். அந்தத் தழும்பு நன்றாக இறுக பத்துப் பதினைந்து நாட்கள் ஆகும். (ஒளியால் சுட்டு ஒட்டும் இந்த வழி லேசருக்கும் முந்தியது. கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துச் சுட்டுக்கொண்டவர்களின் விழித்திரைத் தழும்பிலிருந்து யோசனை பிடித்து, 1940களின் இறுதியில் ஜெர்மனியின் கண் மருத்துவர் மையர்-ஷ்விக்கராத் தொடங்கியது அது.)

பாலக்கோடு பக்கத்து இளைஞர் ஒருவர் வந்திருந்தார். ஓசூரில் தொழிற்சாலை வேலை, மைனஸ் 9. கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்பது மட்டுமே அவர் சொன்ன குறை. இரண்டு கண்ணாலும் கடைசிக்கு முந்தைய வரி வரை தடையின்றிப் படித்தார். மருந்து விட்டுப் பார்த்தால், இடது கண்ணில் திரை கீழ்ப்பக்கமாகப் பிரிந்து மேலேறிக்கொண்டிருந்தது. திரை பிரியும்போது வழக்கமாக வரும் அறிகுறிகள் எதுவும் இல்லை: மின்னல் வெட்டவில்லை, கண் முன்னே பூச்சி பறக்கவில்லை. இளவயதுக் கிட்டப்பார்வைக்காரர்களிடம் இப்படித்தான் சில நேரம் நடக்கிறது: லேட்டிஸ் திட்டுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஓட்டை வழியாக நீர் மாதக்கணக்கில் மெல்லக் கசியும். மையப்பகுதியைத் தொடும்வரை பார்வை குறையாது. மறு கண் ஈடுகொடுப்பதால் அதற்குப் பிறகும் சிலருக்குத் தெரிவதில்லை. 'தொந்தரவு வந்தால் காட்டலாம்' என்ற கணக்கு இவர்களுக்குச் செல்லாது. மைனஸ் 6க்கு மேல் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, கண்ணாடி மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், மருந்து விட்டுப் பார்த்துவிடுங்கள்.

திருமணத்துக்கு முன், கண்ணாடியைத் தவிர்க்க லாசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாசிக் கருவிழியின் வளைவை மாற்றுகிறது. கண்ணின் நீளத்தில் 1 மி.மீ. கூடக் குறைப்பதில்லை. கண்ணாடி போய்விடும், ஆபத்து அப்படியே இருக்கும். சிக்கல் என்னவென்றால், பத்து வருடம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போகும்போது, கண்ணாடியே போடாத இந்த ஆளுக்கு ஒரு காலத்தில் மைனஸ் 9 இருந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பழைய பவர் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிற்காலத்தில் கண்புரை அறுவைக்கு லென்ஸ் கணக்கிடவும் அது உதவும்.

கர்ப்பிணிகளும் பவர் சீட்டோடு வருகிறார்கள், சுகப்பிரசவத்தில் முக்கினால் கண் நரம்பு அறுந்துவிடுமா என்று கேட்டு. அறாது. கிட்டப்பார்வையை மட்டும் காரணம் காட்டி சிசேரியன் செய்யத் தேவையில்லை.

மருந்து வேண்டாம் என்று மறுப்பவர்களில் பாதிப் பேர் பயந்து மறுப்பதில்லை. அவர்கள் பைக்கில் தனியாக வந்திருப்பார்கள். அல்லது பென்னாகரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், தக்காளி லோடு காத்திருக்கும். "அடுத்த வாரம் வருகிறேன்" என்று சொல்லிப் போய்விடுவார்கள். அந்த அடுத்த வாரம் வருவதேயில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அரை நாள் கூலி அரை நாள் கூலிதான். ஆனால் கிளம்பும்போதே இதற்கென்று ஒதுக்கிக் கிளம்பினால் சிரமம் பாதி குறையும். மருந்து விட்ட பின் நான்கைந்து மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக்கூடாது. பஸ்ஸில் வாருங்கள், அல்லது ஓட்டத் தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள். தொப்பியோ குடையோ கையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கென்றால் பரீட்சைக்கு முந்தைய நாள் வேண்டாம்.

வீட்டில் வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் ஜன்னல் கம்பியையோ தரை ஓட்டின் கோட்டையோ பாருங்கள். நேர்க்கோடு நெளிந்தால் விழித்திரையின் மையத்தில் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். காலத்தோடு வந்தால் அதற்கு ஊசி மருந்து இருக்கிறது. திடீரென்று மின்னல், கரும்புள்ளிகளின் கூட்டம், ஒரு பக்கத்திலிருந்து இறங்கும் நிழல், இவற்றில் எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காதீர்கள். மையம் பிரியும் முன் அறுவை நடந்தால் பார்வை தங்கும் வாய்ப்பு மிக அதிகம். பிரிந்த பிறகு ஒவ்வொரு நாளும் நட்டம். இங்கிருந்து பெரும்பாலும் சேலத்துக்கு அனுப்புகிறோம், ஓசூர் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரு கிட்டே. விழித்திரை மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.