ஆமணக்குப் புழுவும் ஏலக்காப் புழுவும் ஒண்ணுதானா?

கம்பத்துல இருந்து கம்பமெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் போனா எங்க மாமா குத்தகைக்கு எடுத்திருக்குற ஏலத்தோட்டம் வரும். விடியக்காலைல நம்மூரு ஆளுங்க ஜீப்புல நெருக்கியடிச்சு மேல ஏறி சாயங்காலம் கீழ இறங்குவாங்க, நான் மட்டும் சாயங்காலம் ஏறி விடிஞ்சதும் இறங்குற ஆளு, ஏன்னா நமக்கு வேலையே ராத்திரியிலதான், அந்துப்பூச்சி பாக்குறது. அந்துன்னா அரிசி மூட்டையில வருமே அது மட்டும் இல்லைங்க, லைட்ட சுத்துற விட்டில்ல இருந்து கையகலத்துக்கு இருக்குற பெரிய பூச்சி வரைக்கும் எல்லாம் அந்தக் கூட்டம்தான். வண்ணத்துப்பூச்சியே அதுல இருந்து கிளைச்ச ஒரு கிளை, பகல்ல பறக்கப் பழகிக்கிட்ட அந்துன்னு சொன்னா தப்பே இல்ல. உலகத்துல இதுவரைக்கும் பேர் வச்ச வகை சுமார் 1,60,000, அதுல வண்ணத்துப்பூச்சி 18,000 சொச்சம்தான், மிச்சம் பூரா அந்து. ஆனா போட்டோ எடுக்குற கூட்டம் பூரா அந்த 18,000 பின்னாடிதான் ஓடும், அது வேற கதை.

ஏலக்கா ஸ்டோர் இருக்குல்ல, காய் உலர்த்துற கட்டடம், அதோட பின்சுவத்துல பழைய வெள்ளை வேட்டி ஒண்ண இழுத்துக் கட்டி, முன்னாடி புற ஊதா வெளிச்சம் வர்ற எல்.ஈ.டி. ஒண்ணத் தொங்கவிடுவேன், அவ்வளவுதான் செட்டப்பு. அமாவாசைய ஒட்டி, மழை விட்டு காத்தில்லாம புழுக்கமா இருந்தா கூட்டம் அள்ளும். நிலா காயுற ராத்திரின்னா உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

பூச்சி ஏன் லைட்டுக்கு வருதுன்னு கேட்டா, நிலாவப் பாத்து வழி கண்டுபிடிக்கும், பல்ப நிலான்னு நினைச்சு ஏமாந்துடுதுன்னு நமக்கு ஸ்கூல்ல இருந்து சொல்லிட்டு வந்தாங்க. 2024 ஜனவரியில நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் ஜர்னல்ல வந்த ஆய்வுல ஹைஸ்பீடு கேமரா வச்சுப் பாத்திருக்காங்க, விஷயம் வேற மாதிரி இருக்கு. பறக்குற பூச்சி வெளிச்சம் இருக்குற பக்கம் முதுகக் காட்டுது. காட்டுல ராத்திரியில தரைய விட வானம்தான் கொஞ்சமாவது வெளுப்பா இருக்கும், அதனால வெளுப்புக்கு முதுகக் காட்டினா உடம்பு நேரா நிக்கும், எது மேல எது கீழன்னு குழப்பம் வராது. நடுவுல நாம பல்பு ஒண்ண மாட்டிட்டோம்னா அதுக்கு முதுகத் திருப்பி திருப்பியே பல்ப சுத்திகிட்டு கெடக்குது, தப்பித்தவறி பல்புக்கு மேல போயிட்டா தலைகீழாக் கவுந்து பொத்துனு விழுது. இதப் படிச்சதுக்கு அப்புறம் வேட்டிக்குக் கீழ கவுந்து கெடக்குறதுகளப் பாத்தா பாவமா இருக்கும், அதனால பன்னெண்டு மணிக்கு மேல லைட்ட அமத்திடுறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்த மாசம் வேட்டி கட்டுனாலும் தவறாம வர்ற பூச்சி ஒண்ணு, ஒரு இஞ்சு அகலம் இருக்கும், வைக்கோல் மஞ்சள்ல உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, மஞ்சத்துணியில மை தெளிச்ச மாதிரி. அழகுதான், ஆனா தோட்டக்காரங்களுக்கு இதப் பாத்தா வயிறு எரியும், ஏன்னா இதோட புழுதான் தண்டு துளைப்பான். தண்டுல ஓட்டை போட்டு உள்ள போயி தின்னுட்டு எச்சத்த ஓட்டை வழியா வெளிய தள்ளும், ஈரமான மரத்தூள் மாதிரி வாசல்ல குமிஞ்சிருக்கும், நடுக்குருத்து காய்ஞ்சு நிக்கும். காய் பிடிக்குற சரத்துல ஏறிடுச்சுன்னா காய்க்குள்ள போயி விதையத் தின்னுட்டு வெறுங்கூட்ட விட்டுட்டுப் போயிடும்.

இதே பூச்சி ஆமணக்குலயும் வருது, அங்க காயத் துளைக்கும். தோட்டத்து வீட்டுக்குப் பின்னாடி எங்க அத்தை நாலு ஆமணக்கு வளர்க்குறாங்க, மூட்டு வலிக்கு இலைய வாட்டி ஒத்தடம் குடுக்க. மாமா ஒருநாள் அந்தக் காயப் பொளந்து பாத்துட்டு, "மாப்ள, எல்லாம் இங்க இருந்துதான் கிளம்பி தோட்டத்துக்குள்ள வருது, நாலையும் வெட்டிப் போட்டாத்தான் சரியாகும்"னாரு. கேள்வி சாதாரணமாத் தெரியும். ஆனா ரெண்டும் ஒரே வகையா இருந்தா மாமா சொல்றது நியாயம், வேற வேறன்னா ஆமணக்கு மேல பழி போடுறது வீண். வகைப்பாட்டியல்னு சொல்ற சமாச்சாரம் ஆமணக்குச் செடி வெட்டுறதுல வந்து நிக்குது பாருங்க.

பழைய விவசாயப் புத்தகங்கள்ல ரெண்டுக்கும் ஒரே பேருதான், டைகோக்ரோசிஸ் பங்டிஃபெராலிஸ், அப்புறம் பேரினம், அதாவது நெருங்கின சொந்தக்கார வகைகளுக்கெல்லாம் பொதுவா இருக்குற முன்பேரு, மாறி கோனோகெதிஸ் பங்டிஃபெராலிஸ். ஆமணக்கு, கொய்யா, மாங்கா, ஏலக்கா, இஞ்சின்னு கண்டதையும் தின்னும்னு பட்டியல் போட்டிருப்பாங்க. எனக்கு இந்த மாதிரி பட்டியல் கண்டாலே சந்தேகம் வரும். எல்லாத்தையும் தின்னுற புழு உண்டுதான், இல்லைன்னு சொல்லல, ஆனா பல சமயம் ஒரே மாதிரி இருக்குற நாலஞ்சு பூச்சி ஒரே ரேஷன் கார்டுல சாப்பிட்டுட்டு இருக்கும்.

இந்தப் பேரினத்துலயே முன்னாடி அப்படி ஒண்ணு நடந்திருக்கு. ஜப்பான்ல பழத்தத் தின்னுறதும் பைன் குடும்ப மரத்து இலையத் தின்னுறதும் ரொம்ப நாளா ஒரே பூச்சியோட ரெண்டு ரகம்னுதான் ஓட்டிட்டு இருந்தாங்க, 2006ல பைன் ரகத்தத் தனி வகைன்னு பிரிச்சு பினிகோலாலிஸ்னு பேர் வச்சாங்க. நம்ம பக்கம் ஏலக்காயில வளர்றத 2018ல ஜூடாக்ஸா ஜர்னல்ல தனி வகையா விவரிச்சாங்க. பேரு கோனோகெதிஸ் சஹ்யாத்ரியென்சிஸ். சஹ்யாத்ரின்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைதான். காட்டுக்குள்ள யாரும் பாக்காத மூலையில ஒளிஞ்சிருந்த பூச்சி இல்லைங்க, தோட்டத்துல தினமும் திட்டு வாங்கிக்கிட்டு, மருந்தடி வாங்கிக்கிட்டு இருந்த பூச்சி, அதுக்கு சொந்தப் பேரே 2018லதான் கெடைச்சுது.

இத எப்படிப் பிரிக்குறாங்க? இறக்கையப் பாத்து மட்டும் முடியாது. இறக்கை நிறம்ங்குறது ஓடு வேய்ஞ்ச மாதிரி அடுக்கின பொடிப்பொடி செதில், தொட்டா விரல்ல ஒட்டுமே அதான், நாலு நாள் பறந்தாலே உதிர்ந்து புள்ளியெல்லாம் மங்கிடும். அதனால அடுத்து பாக்குறது வயித்தோட நுனி. செத்த பூச்சியோட அடிவயித்த எடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல போட்டா சதையெல்லாம் கரைஞ்சு கெட்டியான பாகம் மட்டும் நிக்கும், அதுல ஆணோட இனப்பெருக்க உறுப்ப மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாப்பாங்க. கொக்கி, தட்டு, முள்ளுன்னு அதுல அத்தனை வேலைப்பாடு இருக்கும், வகைக்கு வகை மாறும், பூட்டும் சாவியும் மாதிரின்னு சொல்லுவாங்க. வெளிய அச்சு அசல் ஒரே மாதிரி இருக்குற ரெண்டு பூச்சி இங்க வந்துதான் மாட்டும்.

அதுக்கு மேல டிஎன்ஏ. 2003ல பால் ஹெபர்ட்னு ஒரு ஆளு, உயிரணுவோட மைட்டோகாண்ட்ரியாவுல இருக்குற சிஓஐ ங்குற ஒரே ஒரு மரபணுத் துண்ட கடைச்சாமான்ல இருக்குற பார்கோடு மாதிரி வச்சுக்கலாம்னு சொன்னாரு, சுமார் 650 எழுத்துதான். பூச்சியோட ஒத்தக் கால் போதும். ரெண்டு பூச்சியோட எழுத்து நூத்துக்கு ரெண்டு மூணு மாறுச்சுன்னா சரி, ஏதோ இருக்குன்னு உக்காந்து பாக்க ஆரம்பிப்பாங்க.

ஆனா இத மட்டும் நம்பி தீர்ப்பு எழுதக் கூடாது. 2004ல கோஸ்டாரிக்காவுல ஒரு துள்ளி வண்ணத்துப்பூச்சி, அஸ்ட்ராப்டஸ் ஃபுல்கரேட்டர்னு பேரு, ஒண்ணுன்னு நினைச்சது பத்து வகைன்னு அறிவிச்சாங்க. வருஷக்கணக்கா காட்டுல இருந்து புழுவ எடுத்துட்டு வந்து வளர்த்து, எந்தப் புழு எந்த இலையத் தின்னுச்சு, என்ன நிறம், எல்லாம் குறிச்சு வச்சிருந்ததாலதான் அது முடிஞ்சுது, வளர்ந்த பூச்சியப் பாத்தா வித்தியாசமே தெரியல. 2006ல இன்னொருத்தர் அதே தரவ எடுத்து அலசிட்டு, பத்தெல்லாம் இல்லப்பா, குறைஞ்சது மூணு, கூடிப்போனா ஏழுன்னாரு. இதுல கேவலம் ஒண்ணும் இல்ல. மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியா மட்டும் வர்றது, ஒரு பக்கத்துக் கதையத்தான் சொல்லும், அதனால இறக்கை, உறுப்பு, புழு, தின்ன செடி, டிஎன்ஏ எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுனாத்தான் பிரிச்சது நிக்கும்.

பிரிச்சாச்சு, பழைய பேரு யாருக்கு? அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கம். முதல்ல பேர் வச்சவரு எந்த உடம்பப் பாத்து எழுதினாரோ அந்த உடம்பு ஏதோ ஒரு மியூசியத்துல ஊசி குத்தி இருக்கும், மூலமாதிரின்னு வச்சுக்கங்களேன், பேரு அந்த உடம்போட கட்டினது. பங்டிஃபெராலிஸ்ங்குற பேரு 1854ல குவெனேங்குற பிரெஞ்சுக்காரர் வச்சது, அது பழைய ஆளோடயே போயிடும், புதுசா பிரிஞ்சு வர்றவருக்குப் புதுப்பேரு. ரெண்டு பேரு ஒரே பூச்சிக்கு வச்சுட்டாங்கன்னு தெரிஞ்சா முந்திப் பொறந்த பேருதான் செல்லும். அதனாலதான் இன்னைக்கும் ஹாம்ப்சன் எழுதினத தூசி தட்டிப் பாக்க வேண்டியிருக்கு. அவரு நீலகிரியில தேயிலைத் தோட்டம் பாத்த துரை, 1892ல இருந்து 1896க்குள்ள இந்திய அந்துப்பூச்சிகளப் பத்தி நாலு தொகுதி எழுதிட்டாரு. தோட்டத்துல ராத்திரி லைட்டு போட்டு உக்காந்தவங்க வரிசையில நான் ஒண்ணும் முதல் ஆளு இல்லன்னு மாமாகிட்ட சொன்னேன், "அவரு துரை, நீ யாரு"ன்னுட்டாரு.

அரிய வகைக்கும் இதே பாடுதான். எங்க பள்ளத்தாக்குக்கு கிழக்குப் பக்கம் நிக்குற மேகமலையில இருந்து 2023ல சில்வர்லைன் குடும்பத்துல ஒரு வண்ணத்துப்பூச்சிய விவரிச்சாங்க, சிகாரிடிஸ் மேகமலையென்சிஸ்னு. தேனிக்காரங்க வேலைங்குறதுல எங்களுக்கு கொஞ்சம் கெத்து. மேற்குத்தொடர்ச்சி மலையில 33 வருஷத்துக்கு அப்புறம் வந்த புது வண்ணத்துப்பூச்சி அது, அதோட சேத்து இந்த மலையில 337 வகைன்னு அப்ப கணக்கு சொன்னாங்க. சில்வர்லைன் பூச்சிகளப் பாத்தீங்கன்னா இறக்கைக்கு அடியில பட்டையும் பட்டைக்கு நடுவுல வெள்ளிக் கம்பியும் ஓடும், புழுவுக்கு எறும்புதான் காவல். ஒரு பட்டை எங்க ஆரம்பிச்சு எதோட சேருதுங்குறதுதான் அதுல சண்டையே. அதனால வண்ணத்துப்பூச்சி எடுக்குற தம்பிங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன், மேல்பக்கம் விரிச்சு உக்காந்தத மட்டும் எடுத்துட்டு வராதீங்க, மூடி உக்காந்தப்ப அடிப்பக்கமும் ஒண்ணு எடுங்க. தேதி, இடம், கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு உயரம், எந்தச் செடி, பக்கத்துல ஒரு ஸ்கேலு. காட்டுக்குள்ள போயி பிடிக்குறதுக்கு வனத்துறை அனுமதி வேணும், அது இல்லாம வலையும் பாட்டிலும் தூக்கிட்டுத் திரியாதீங்க.

நான் மாமா கேள்விக்கு பதில் கண்டுபிடிக்க ஹார்லிக்ஸ் பாட்டில் ரெண்டு எடுத்தேன். ஒண்ணுல ஓட்டை விழுந்த ஏலத்தண்டு ஒரு சாண், ஒண்ணுல ஆமணக்குக் காய், வாய்க்கு வேட்டித்துணி. முதல் தடவை தண்டு அழுகி நாறி, புழு செத்து, அத்தை பாட்டில வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னுட்டாங்க. ரெண்டாவது தடவை தண்டுல இருந்து வந்தது மஞ்சப்பூச்சியே இல்ல, கறுப்பா ஒல்லியா ஒரு குளவி, புழு உடம்புக்குள்ள முட்டையா இருந்து உள்ளயே தின்னு வளர்ந்து வெளிய வந்திருக்கு, மாமாவுக்கு அதப் பாத்து ஒரே சந்தோஷம், "இத வளர்த்து விடுடா"ங்குறாரு. மூணாவது தடவை தண்ட மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தி, அடியில டிஷ்யூ பேப்பர் போட்டு, புழு தண்டுக்குள்ளயே கூடு கட்டி, பத்து நாள் கழிச்சு ஒரு விடியக்காலைல துணியில மஞ்சளா ஒண்ணு ஒட்டிகிட்டு இருந்துச்சு, இறக்கை இன்னும் சரியா காயல, புள்ளியெல்லாம் பேனாவுல வச்ச மாதிரி பளிச்சுனு. அதே வாரம் ஆமணக்குப் பாட்டில்லயும் ஒண்ணு வந்துச்சு.

ரெண்டு பாட்டிலயும் பக்கத்துல பக்கத்துல வச்சு மாமாகிட்ட காட்டினேன். கண்ணாடியப் போட்டுகிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "ரெண்டும் ஒண்ணுதானடா"ன்னாரு. கண்ணுக்கு ஒண்ணுதான் மாமா, எனக்கே பாட்டில மாத்தி வச்சா தெரியாதுன்னேன். இனக்கவர்ச்சிப் பொறி வைக்குறதுலயும் இதே வில்லங்கம் இருக்கு, பெண் பூச்சி விடுற வாசனை அந்தந்த வகைக்குன்னு தனிக் கலவை, ஒண்ணோட வாசனைய வச்சு இன்னொண்ணப் பிடிக்க நினைச்சா பொறி காலியாத்தான் தொங்கும், அப்ப பொறி விக்கிறவனத் திட்டுவோம்.

பாத்த பூச்சியெல்லாம் நான் குறிச்சு வைக்குற பதிவுல ஏலத்தண்டுல இருந்து வந்தத சஹ்யாத்ரியென்சிஸ்னு போட்டு, ஏலத்தண்டுல வளர்த்ததுன்னு குறிப்பு எழுதினேன், ஆமணக்குல வந்தத பங்டிஃபெராலிஸ்னு. வேட்டியில வந்து உக்காந்ததுக்கு எல்லாம் கோனோகெதிஸ்னு பேரினத்தோட நிறுத்திட்டேன், அது எதத் தின்னு வளர்ந்துச்சுன்னு வேட்டிக்குத் தெரியாதுல்ல. இத்தன வருஷமா நான் போட்டு வச்சிருந்த பழைய பதிவு நாப்பது அம்பதையும் உக்காந்து பேரினத்துக்கு இறக்கினேன், ஒரு ஞாயித்துக்கிழமை பூரா போச்சு.

"அப்ப ஆமணக்க வெட்ட வேணாங்குற"ன்னாரு மாமா. வேணாம் மாமா, அது வேற பூச்சின்னேன். உள்ள இருந்து அத்தை சத்தம் மட்டும் வந்துச்சு, "யாரு வெட்டச் சொன்னது, கைய வச்சுப் பாருங்க"ன்னு.