முள் எழுபதில் நின்றால் சுமை எழுபதா?

புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு பட்டறை. ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த லேத். 200 வோல்ட், 7.5 கிலோவாட் மோட்டார். காயில் எரிந்துபோனதும் நம் ஊர் மூன்று ஃபேஸ் சப்ளையான 415 வோல்ட்டுக்கே புதிதாகக் கட்டி மாட்டிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஆபரேட்டர் தம்பி சந்தோஷமாகச் சொன்னார்: "காயில் கட்டினதுலேர்ந்து மிஷின் லேசா ஓடுதுண்ணே. எவ்வளவு ஆழமா வெட்டினாலும் லோடு மீட்டர் எழுபதைத் தாண்ட மாட்டேங்குது." மோட்டார் பக்கம் போனேன். வார்னிஷ் கருகும் வாடை.

மோட்டாரின் சுமையைச் சதவீதத்தில் காட்டும் லோடு மீட்டர் என்று பெயர் இருந்தாலும், இந்த மாதிரிப் பழைய மிஷின்களில் அது அளப்பது ஆம்பியரை மட்டும்தான். மோட்டாருக்குப் போகும் வயர்களில் ஒன்று ஒரு வளையத்தின் நடுவே நுழைந்து செல்கிறது. அந்த வளையம்தான் சி.டி. எனப்படும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். அதில் 50/5 என்று போட்டிருந்தால், வயரில் 50 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 5 ஆம்பியர் வரும். 200 வோல்ட்டில் இந்த மோட்டாரின் முழுச்சுமைக்கு ஏறக்குறைய 29 ஆம்பியர், மீட்டருக்கு 2.9. அந்த இடத்தில்தான் 100 என்று கோடு போட்டிருக்கிறார்கள்.

அதே வேலையை 415 வோல்ட்டில் செய்ய 14 ஆம்பியர் போதும். மீட்டருக்கு 1.4 ஆம்பியர்தான் போகும். முள் 48-ல் நிற்கும். மோட்டாரோ தன் முழு பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கும். காயில் கட்டியவர் சுற்றுகளை இரண்டு மடங்காக்கி, கம்பியின் குறுக்குப் பரப்பைப் பாதியாக்கியிருப்பார். பழைய கம்பிக்கு 29 ஆம்பியர் எப்படியோ, புதுக் கம்பிக்கு 14 அப்படி. முள் 70 காட்டியபோது ஓடியது சுமார் 20 ஆம்பியர், அதாவது முழுச்சுமையைவிட 45 சதவீதம் அதிகம். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் காயிலில் இரண்டு மடங்கு வெப்பம். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் பழைய 29 ஆம்பியரிலேயே இருந்ததால் அது டிரிப் ஆகவில்லை. என்னைக் கேட்டால் மீட்டரைவிட ரிலேயைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மீட்டர் பொய் சொன்னால் ஆள் ஏமாறுவார். ரிலே பொய் சொன்னால் மோட்டார் போய்விடும்.

மீட்டரைத் திருத்தும் வழி அழகானது. சி.டி. வளையத்துக்குள் ஒரு முறை போகும் வயரை வெளியே வளைத்து, அதே திசையில் இன்னொரு முறை நுழைத்துவிட்டால் போதும். இரும்பு வளையத்துக்குத் தெரிவது ஆம்பியரும் சுற்றும் பெருக்கிய தொகைதான். 14 ஆம்பியர் இரண்டு முறை போனால் 28. பழைய 29-க்கு மூன்று சதவீதம் குறைவு. பட்டறைக்கு இது போதும். ஓட்டையின் உள்ளே வயர் எத்தனை முறை போகிறது என்று மட்டும் எண்ணுங்கள், வெளியே தெரியும் வளைவுகளை அல்ல. ஒரு வளைவு என்றால் உள்ளே இரண்டு.

மீட்டர் கண்ணாடியில் 48-க்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். இந்த வகை மீட்டர்களில் அடிப்பக்கக் கோடுகள் நெருக்கமாக இருக்கும். அங்கே முள் நகர்வதே சரியாகத் தெரியாது. எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை.

இந்த வேலையை மெயினை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஓடும் மோட்டாரில் சி.டி.யிலிருந்து மீட்டருக்குப் போகும் வயரைக் கழற்றவே கூடாது. மீட்டர் பக்கம் ஓடும் கரண்ட்தான் வளையத்துக்குள் காந்தப்புலத்தை அடக்கி வைத்திருக்கிறது. அதை அறுத்தால் புலம் கட்டுக்கடங்காமல் ஏறி, கழன்ற முனைகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் எழலாம். கடற்காற்றின் உப்பு டெர்மினல்களை அரிக்கும் நம் ஊரில் அந்த ஸ்க்ரூக்கள் தாமாகவே தளர்ந்திருக்கவும் கூடும். முறுக்கிப் பாருங்கள்.

காயில் கட்டும்போது, மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரும் மாட்டினால் இன்னொரு கண்ணி உண்டு. மோட்டாருக்குப் போகும் ஆறு வயர்களில் ஒன்றில் சி.டி. இருந்தால் 14-க்குப் பதில் 8 ஆம்பியர்தான் தெரியும். சி.டி.யை லைன் பக்கம், அதாவது ஸ்டார்ட்டருக்குள் சப்ளை நுழையும் வயருக்கு, நகர்த்துங்கள்.

கடைசியில் டாங் டெஸ்டர், வயரைக் கழற்றாமலே கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி. சும்மா ஓடும்போது ஒரு முறை, நன்றாக வெட்டும்போது ஒரு முறை அளந்து முள்ளோடு ஒப்பிட வேண்டும். சும்மா ஓடும்போதே முள் 30, 40 காட்டினால் பயப்பட வேண்டாம். காந்தப்புலத்தை உண்டாக்கவே மோட்டாருக்கு அவ்வளவு கரண்ட் தேவை. சப்ளை 380 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில் அதே வெட்டுக்கு முள் ஒன்பது சதவீதம் ஏறி நிற்கும். அது மீட்டரின் தவறல்ல, காயில் உண்மையிலேயே கூடுதலாகச் சூடாகிறது; வெட்டைக் குறைக்க வேண்டியதுதான்.

அந்த லேத்தின் பேனல் கதவுக்கு உள்ளே பெயின்ட்டால் எழுதிவைத்தோம்: "415 வோல்ட், முழுச்சுமை 14 ஆம்பியர், சி.டி.யில் வயர் 2 முறை." அடுத்து கதவைத் திறப்பவர் அந்த வளைவை யாரோ தெரியாமல் விட்டது என்று நினைத்து நேராக்கிவிடக் கூடாதல்லவா.