கல்தூசியைத் துண்டு தடுக்காது

சமையலறை மேடைக்குக் கல் பதிக்க வருபவர் வாசலில் உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிரானைட் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரத்தில் புருவம், தலைமுடி, துண்டின் வெளிப்பக்கம் எல்லாமே வெளுத்துவிடும். தூசியெல்லாம் துண்டிலேயே நின்றுவிட்டது என்று அவரும் நம்புகிறார், பார்க்கும் நாமும் நம்புகிறோம். ஆனால் துண்டில் நின்றது பெரிய தூசி. உயிரை எடுப்பது கண்ணுக்கே தெரியாத தூசி.

நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்). கண்ணுக்குத் தெரியும் கல்பொடி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியே வந்துவிடும். 5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவைதான் நுரையீரலின் கடைசி காற்றறைகள் வரை போகின்றன. அவை காற்றில் மிதக்கும் நேரமும் அதிகம். 1 மைக்ரோமீட்டர் அளவுள்ள கல்துகள், காற்று அசையாத அறையில் ஓர் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும். மெஷினை நிறுத்தி, தூசி அடங்கிவிட்டது என்று துண்டை அவிழ்த்துவிட்டு டீ குடிக்கும்போதும் அது உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கிரானைட்டில் கணிசமான பங்கு படிக சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே கனிமம். நுரையீரலைக் காவல் காக்கும் செல்கள் அந்தத் துகளை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாமல் செத்துப்போகும். துகள் மறுபடி வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். இந்தச் சுற்று ஓயாமல் நடப்பதால் அந்த இடம் தழும்பாகி இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. 1930-31இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையைத் தண்ணீர் விடாமல் துளையிட்டுக் குடைந்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இந்த நோயால் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு முகக்கவசம்கூடக் கொடுக்கப்படவில்லை.

சரி, துண்டால் முடியாததை என்95 முகக்கவசம் எப்படிச் செய்கிறது? அதைச் சல்லடை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள், அது பிடிக்கும் துகள்களைவிடப் பெரியவை. இல்லையென்றால் மூச்சே விட முடியாது. பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழைகளாக ஒன்றின் மேல் ஒன்று தாறுமாறாகப் படியவிடுகிறார்கள். காற்று இந்தக் காட்டுக்குள் வளைந்து நெளிந்துதான் போக முடியும். சற்றுப் பெரிய துகளால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது, நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளோ காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளுவதால் தள்ளாடி, ஏதோ ஓர் இழையில் போய் விழும். நடுத்தரமானவைதான் தப்பப் பார்க்கும். அதனால்தான் அமெரிக்கத் தர நிர்ணயத்தில் 0.3 மைக்ரோமீட்டர் அளவிலான உப்புத் துகள்களை வைத்துச் சோதிக்கிறார்கள். அதில் 95 சதவீதமாவது பிடிபட்டால்தான் அந்தப் பெயர்.

அந்த நடுத்தரத் துகள்களைப் பிடிக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. இழைகளுக்குள் நிலைமின்னூட்டத்தை ஏற்றி, அது அங்கேயே தங்கும்படி செய்துவிடுகிறார்கள். பக்கத்தில் வரும் துகளை இழை தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சோப்பு போட்டு அலசினாலோ சானிடைசர் தெளித்தாலோ இந்த மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், வடிகட்டும் திறன் இருக்காது. ஆகவே துவைக்கவே கூடாது. மூச்சு இழுக்கக் கனமாகிவிட்டால், தூசி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மாற்றிவிட வேண்டியதுதான்.

இவ்வளவு நல்ல வடிகட்டியும் கன்னத்தோரம் ஒரு சந்து இருந்தால் வீண். நூறு பங்கு காற்றில் இருபது பங்கு அந்தச் சந்து வழியாக வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபதும் அப்படியே உள்ளே வரும், மீதி எண்பதில் நாலு பங்குத் தூசி வடிகட்டியைத் தாண்டும். ஆக 24 சதவீதம் தூசி நுரையீரலுக்கு. தாடி வைத்திருந்தால் இந்தச் சந்து கட்டாயம் இருக்கும். காதில் மாட்டும் நாடாவைவிடத் தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டைகள் முகத்தோடு நன்றாக அழுத்திப் பிடிக்கும். போட்டதும் மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் படியவையுங்கள். அப்புறம் இரு கைகளாலும் கவசத்தின் முன்பக்கத்தை மூடிக்கொண்டு வேகமாக மூச்சை வெளிவிடுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் சரியாகப் பொருந்தவில்லை. வால்வு வைத்த கவசமாக இருந்தால் மூச்சை உள்ளிழுத்துப் பார்க்க வேண்டும்.

எட்டு மணி நேர வேலையில் ஒரே ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு. சந்தே இல்லாமல் முழு நேரமும் போட்டிருந்தால் 5 சதவீதத் தூசி உள்ளே போகும். அந்த ஒரு மணி நேரம் சேர்ந்தால் ஏறக்குறைய 17 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல்! வியர்வையில் புழுங்கும் வெயிலில் தொடர்ந்து போட்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வேலை செய்பவரைக் குறை சொல்வதைவிட, தூசியையே குறைப்பதுதான் நியாயம் என்கிறேன். அறுக்கும் பிளேடின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் பெரும்பகுதித் தூசி சேறாகிக் கீழேயே தங்கிவிடும். ஆனால் சாதாரண கிரைண்டரில் குவளையால் ஊற்றுவது வேண்டாம், ஷாக் அடிக்கும். நீர்க்குழாய் பொருத்திய கட்டிங் மெஷின்கள் இதற்கென்றே இருக்கின்றன. அதுவும் மின்கசிவு தடுப்பு உள்ள இணைப்பில்தான் ஓட வேண்டும். முகக்கவசம் இதற்கெல்லாம் அப்புறம், மிஞ்சிய தூசிக்கு.

'குவார்ட்ஸ்' என்று கடையில் விற்கும் செயற்கைக் கல்லை அறுக்கும்போது ஆபத்து இன்னும் கூடுதல். கல்பொடியைப் பிசினில் குழைத்துச் செய்யும் இந்தக் கற்களில் சிலிக்கா 90 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. இளம் வயதுக் கல்லறுப்பாளர்களிடமும் சிலிக்கோசிஸ் பெருகியதைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லுக்கே தடை போட்டுவிட்டது. தண்ணீரையும் முகக்கவசத்தையும் மட்டும் நம்பி அந்த வேலையைத் தொடரவிட அவர்கள் தயாராக இல்லை.