டிடிஎஸ் ரீஃபண்ட் வரலீங்களா? பணம் எந்த எடத்துல நிக்குதுன்னு மொதல்ல பாருங்க

திருப்பூர்ல பவர்டேபிள் (தையல் மெஷின் வரிசை) போட்டு ஜாப் ஒர்க் பண்றவங்க நாலு பேரு டீக்கடைல நின்னா இந்தப் பேச்சு வராம இருக்காதுங்க, பனியன் கம்பெனில டிடிஎஸ் (நமக்குப் பணம் தர்றப்பவே கழிச்சுக் கட்டற வருமான வரி) புடிச்சுட்டாங்க, ஆடிட்டர் ரிட்டர்ன் போட்டாச்சுன்னு சொல்லிட்டாரு, ரீஃபண்ட் மட்டும் வந்தபாடில்ல. நானும் ஒருதடவ எட்டு மாசம் இப்படியே காத்துட்டிருந்தேன், கவர்மென்ட்ல லேட் பண்றாங்கன்னு நெனச்சுட்டு. பொறவு நானே வருமான வரி போர்ட்டல்ல லாகின் பண்ணிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, பணம் எப்பவோ அனுப்பி, அக்கவுன்ட்ல ஏறாம திரும்பிப் போயிருக்கு. அதனாலதான் இத எழுதறேன்.

இது நம்ம பணமுங்க. கணக்கப் பாருங்க, வருசத்துக்கு 42 லட்சத்துக்கு தையல் பில் போடறோம்னா 1961 வருமான வரிச் சட்டத்தோட 194சி படி (இங்க சொல்ற பிரிவு நம்பரெல்லாம் அந்தச் சட்டத்தோடது) தனி ஆளுக்கு 1 சதவீதம், 42,000 ரூபா டிடிஎஸ்ஸா போயிருது. சின்னத் தொழிலுக்கு வரவுல இத்தன சதவீதம்னு லாபம் காட்டற 44ஏடி-ல பேங்க் வழியா வந்த வரவுக்கு கொறஞ்சது 6 சதவீதம் லாபம் காட்டோணும், நெசத்துல எச்சா வந்திருந்தா எச்சாத்தான் காட்டோணும். 6 சதவீதம்னா 2,52,000, வேற வருமானம் இல்லைன்னா வரியே கிடையாது, அப்ப அந்த 42,000 முழுசா திரும்பி வரோணும். தீவாளி போனஸ் குடுக்கற நேரத்துல இந்தத் தொகை நமக்கு எவ்வளவு பெருசுன்னு சொல்ல வேண்டியதில்ல.

ரிட்டர்ன் போட்டதும் பலபேரு வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கறாங்க, இல்லீங்க, போட்ட 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி வெச்சு வெரிஃபை பண்ணோணும், பண்ணலைன்னா அது போட்டதாவே கணக்குல வராது. 30 நாள் தாண்டி வெரிஃபை பண்ணுனா பண்ணுன தேதியத்தான் ரிட்டர்ன் போட்ட தேதியா எடுத்துக்குவாங்க, கடைசித் தேதி தாண்டியிருந்தா லேட் ஃபீஸும் விழும். வெரிஃபை ஆன பொறவுதான் பெங்களூர் சிபிசி-ல (ரிட்டர்ன எல்லாம் சரிபாக்கற வரித்துறை சென்டர்) எடுத்துப் பாப்பாங்க. அவங்களுக்குச் சட்டம் குடுத்திருக்கற டைம், ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிஞ்சு 9 மாசம். 2025 செப்டம்பர்ல போட்ட ரிட்டர்னுக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும் டைம் இருக்குன்னு அர்த்தம். நெறைய பேருக்கு சில வாரத்துலயே வந்துருது, ஆனா மூணு மாசம் ஆச்சுன்னு சட்டத்தக் காட்டிச் சண்டை போட முடியாது.

சரி, எங்க நிக்குதுன்னு எப்படிப் பாக்கறது? போர்ட்டல்ல இ-ஃபைல்னு ஒரு மெனு, அதுல இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், அதுக்குள்ள வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ். அங்க வருசவாரியா ஸ்டேட்டஸ் இருக்கும். அண்டர் பிராசஸிங்னு இருந்தா இன்னும் எடுக்கல, காத்திருக்கோணும். பிராசஸ் ஆயிருச்சுன்னா 143(1) இன்டிமேஷன்னு, கணக்கப் பாத்த முடிவு சொல்ற ஒரு பிடிஎஃப் மெயில்ல வந்திருக்கும், பாஸ்வேர்ட் உங்க பான் நம்பர் சின்ன எழுத்துல, அதோட ஒட்டிப் பொறந்த தேதி. நாம சொன்ன கணக்கும் அவங்க போட்ட கணக்கும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், எங்க வித்தியாசமோ அங்கதான் பிரச்சனை. இங்க ஒண்ணு சொல்லோணும், நம்மூர்ல பாதிப்பேரோட லாகின்ல மெயிலும் போன் நம்பரும் ஆடிட்டர் ஆபீஸோடதா இருக்கும், அங்க நூறு மெயிலோட நம்ம மெயிலும் கெடக்கும். ப்ரொஃபைல்ல போயி உங்க நம்பரையும் உங்க மெயிலையும் போட்டுக்கங்க, ஆடிட்டர் கோவிச்சுக்க மாட்டாரு.

எனக்கு ஆனது பேங்க் விசயம். என் பேங்க் இன்னொரு பேங்கோட சேந்துருச்சு, ஐஎஃப்எஸ்சி கோடு மாறிப்போச்சு, போர்ட்டல்ல பழைய கோடே இருந்துது, ரீஃபண்ட் ஃபெயில்டுன்னு வந்துருச்சு. மை பேங்க் அக்கவுன்ட்ல போயி அக்கவுன்ட் வேலிடேட் ஆயிருக்கான்னும், ரீஃபண்ட் ஏறற அக்கவுன்டா அத நாமினேட் (தேர்வு) பண்ணியிருக்கான்னும் ரெண்டையும் பாக்கோணும். பான்ல இருக்கற பேரும் பேங்க்ல இருக்கற பேரும் ஒத்துப் போகோணும், இனிஷியல் விரிச்சு எழுதறதுல நம்ம ஆளுங்களுக்கு இது அடிக்கடி இடிக்கும். சரி பண்ணீட்டு சர்வீசஸ்ல ரீஃபண்ட் ரீஇஷ்யூ ரிக்வெஸ்ட் குடுக்கோணும், குடுக்காம தானா வராதுங்க. நான் குடுத்தேன், ரெண்டு வாரத்துல ஏறுச்சு. பான் ஆதாரோட லிங்க் ஆகாம செயலிழந்து கெடந்தா ரீஃபண்டும் கிடையாது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது.

அடுத்தது 26ஏஎஸ், அதாவது நம்ம பான்ல யார் யார் எவ்வளவு வரி புடிச்சுக் கட்டியிருக்காங்கன்னு காட்டற ஸ்டேட்மென்ட். கம்பெனிக்காரங்க நம்ம பில்லுல புடிச்சுட்டு காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன்ல நம்ம பான தப்பா போட்டுட்டா நம்ம கணக்குல அந்தத் தொகை தெரியாது, ரீஃபண்ட் அந்தளவு கொறஞ்சுரும். அப்ப அந்தக் கம்பெனி அக்கவுன்டன்ட்ட பில் காப்பியோட போயி, அவங்க டிடிஎஸ் ரிட்டர்னத் திருத்தற கரெக்சன் ஸ்டேட்மென்ட் போடச் சொல்லிக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. அது ஏறுன பொறவு நாம ரெக்டிஃபிகேஷன் (அவங்க போட்ட கணக்கத் திருத்தக் கேக்கற மனு) போட்டு மீதிய வாங்கிக்கலாம். எங்கிட்டப் புடிச்ச வரிய அவங்க கட்டலைன்னாலும் மறுபடி என்னையக் கட்டச் சொல்ல முடியாதுன்னு 205வது பிரிவுல இருக்கு, அதனால பேமென்ட் அட்வைஸ், பில், பேங்க் ஸ்டேட்மென்ட் மூணையும் பத்திரமா வெச்சுக்கோணும்.

எங்க மாமா கோபில இருக்காரு, அவருக்கு எஃப்டி வட்டில புடிச்ச ரீஃபண்ட். அவருக்கு வந்தது 245 நோட்டீஸ், அதாவது பழைய வருசத்துல வரிப் பாக்கி இருக்கு, இந்த ரீஃபண்ட்ல கழிச்சுக்கறோம்ங்கறது. மனுசன் ஒரு வாரம் வெசனப்பட்டுட்டே படுத்திருந்தாரு. "மாமா, கட்டுன சலான் இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன், அத்தை பீரோல இருந்து ஃபைல எடுத்துக் குடுத்தாங்க, எல்லாம் இருந்துது. பெண்டிங் ஆக்சன்ஸ்ல அவுட்ஸ்டாண்டிங் டிமாண்டுக்குப் பதில் சொல்ற எடத்துல டிஸ்அக்ரீன்னு குடுத்து சலான் விவரத்தப் போட்டோம். இதுக்கு 21 நாள்தான் டைம், சும்மா இருந்தா ஒத்துக்கிட்டதா எடுத்துட்டுக் கழிச்சுருவாங்க. ரிட்டர்ன் டிஃபெக்டிவ் (கொறை இருக்கு)னு 139(9) நோட்டீஸ் வந்தா சரி பண்ண 15 நாள். எனக்குத் தெரிஞ்சு கைக்கு வர்ற பணம் போறது இந்த ரெண்டு எடத்துலதான், நோட்டீஸத் தொறந்தே பாக்காததுனால.

லேட்டானா வட்டி உண்டுங்க, 244ஏ. மாசத்துக்கு அரை சதவீதம், மாசத்துல ஒரு பகுதி ஆனாலும் முழு மாசக் கணக்கு. தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டிருந்தா ஏப்ரல் 1லிருந்து எண்ணுவாங்க, லேட்டாப் போட்டா போட்ட நாள்லிருந்து. 2025 ஏப்ரல்லிருந்து 2026 பிப்ரவரி வரைக்கும்னா 11 மாசம், 42,000க்கு 2,310 ரூபா வட்டி. நம்ம பக்கத்துத் தப்பால ஆன தாமதத்துக்குக் கெடையாது, ரீஃபண்ட் தொகை மொத்த வரில 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தாலும் கெடையாது. இந்த வட்டிய அடுத்த ரிட்டர்ன்ல வருமானமாக் காட்டிரோணும்.

எல்லாம் சரியா இருந்தும் நகரலைன்னா 1800 103 0025க்குக் கூப்புடுங்க, பொறவு போர்ட்டல்லயே கிரீவன்ஸ் போட்டு அந்த நம்பரக் குறிச்சு வெச்சுக்கங்க, பதில் திருப்தியில்லைன்னா மத்திய அரசோட புகார் போர்ட்டல் சிபிகிராம்ஸ்ல போடலாம். கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் ஆபீசுக்கு பஸ் ஏறிப் போறவங்க இருக்காங்க, சிபிசி-ல நிக்கற ரிட்டர்ன அங்க ஒண்ணும் பண்ண முடியாது, பழைய டிமாண்டத் திருத்தற விசயமா உங்க அசெஸ்ஸிங் ஆபீசருக்கு எழுதோணும்னா மட்டும் அங்க வேலை இருக்கு. நடுவுல "உங்க ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிருச்சு, இந்த லிங்க்ல அக்கவுன்ட் நம்பர் போடுங்க"ன்னு எஸ்எம்எஸ் வரும், தொடாதீங்க, டிபார்ட்மென்ட்ல இருந்து உங்க பின் நம்பரோ ஏடிஎம் கார்டு விவரமோ கேக்கவே மாட்டாங்க.