பதிப்புரிமை எந்தக் கிழமை?

முதல் கவிதைத் தொகுப்பு போடப்போகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், காப்புரிமை வாங்க எவ்வளவு செலவாகும்?" ஒரு பைசா ஆகாது. எழுதி முடித்த கணத்திலேயே அது உங்களுடையது. பதிவு செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். கேட்பவர்மேல் குறை சொல்ல மாட்டேன், குற்றம் சொல்லின் மேல். நம் சட்டத் தமிழில் காப்புரிமை என்பது பேடன்ட். புதுக் கண்டுபிடிப்புக்கு விண்ணப்பம் போட்டு, அது தேறினால் 20 ஆண்டுக்குக் கிடைப்பது. எழுத்து, பாட்டு, ஓவியம், படம் இவற்றுக்கு உள்ளது காப்பிரைட். அதற்குத் தமிழ் பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் அதுவே. ஆனாலும் சினிமாப் பாட்டு வழக்கு என்றால் செய்தியில் 'காப்புரிமை' என்றுதான் வருகிறது. காப்பி, காப்பு என்ற ஒலி ஒற்றுமை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பது என் ஊகம். காப்பு என்றதும் பூட்டும் காவலும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. பூட்டி வைக்காவிட்டால் போய்விடும் என்ற பயமும் கூடவே வருகிறது.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. 'கோபியா' என்ற லத்தீன் சொல்லுக்கு மிகுதி, வளம் என்று பொருள். அது பிரதி என்ற பொருளுக்கு நகர்ந்து, அச்சுக்கூடத்துக்குள் வந்தபோது எழுத்துக் கோப்பவர் பார்த்துக் கோக்கும் மூலப்படியைக் குறித்தது. லண்டன் அச்சுத் தொழிலாளரும் புத்தக வணிகரும் சேர்ந்த சங்கத்துக்கு 1557-இல் அரச சாசனம் கிடைத்தது. சங்கப் பேரேட்டில் எவர் பெயரில் ஒரு 'காப்பி' ஏறியதோ, அதை அச்சிடும் உரிமை அவருக்கு. அவர் பெரும்பாலும் புத்தகக்காரர்தான், எழுதியவர் இல்லை. 1710-இல் ஆன் அரசி காலத்துச் சட்டம்தான் எழுதியவரைக் கணக்கில் எடுத்தது. 14 ஆண்டு உரிமை, முடியும்போது அவர் உயிரோடு இருந்தால் இன்னும் 14.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் 'பதிப்புரிமை' நல்ல மொழியாக்கம்தான். பதிப்பிக்கும் உரிமையாகத்தானே எல்லாம் தொடங்கியது! இன்றைய நிலைக்கு அது போதவில்லை என்பதும் உண்மை. மொழிபெயர்ப்பது, மேடையில் நடிப்பது, ஒலிப்புத்தகம் ஆக்குவது எல்லாம் இந்த உரிமைக்குள் அடங்கும். எதிலும் 'பதிப்பு' இல்லை. சிலர் படைப்புரிமை என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட ஆசிரியரின் உரிமை என்று பொருள்படும் சொற்கள்தான் வழங்குகின்றன. படைப்புரிமை எனக்குப் பிடித்த சொல். ஆனால் வக்கீல் நோட்டீஸில் பதிப்புரிமை என்றே எழுதுங்கள்.

'உரிமை'யைச் சற்றுத் தோண்டினால் அடியில் ஒரு பழைய சொல் கிடக்கிறது: கிழமை. திங்களுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. வாரநாளில் மட்டும் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கும் இந்தச் சொல்லை இலக்கணக்காரர்கள் ஆறாம் வேற்றுமைக்கு வைத்திருந்தார்கள், அதிலும் இரண்டாகப் பிரித்து. கண்ணனது கை என்பது தற்கிழமை: கண்ணனிடமிருந்து பிரிக்க முடியாது. கண்ணனது வீடு பிறிதின்கிழமை: இன்றைக்கு அவனுடையது, நாளைக்கு விற்றுவிடலாம். தொல்காப்பிய உரைகளில் இதே வேற்றுமைக்கு 'கபிலரது பாட்டு' என்றொரு எடுத்துக்காட்டும் உண்டு. அது கையைப் போன்றதா, வீட்டைப் போன்றதா?

இரண்டும்தான் என்பேன். நம் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. அச்சிடுவது, விற்பது, படமாக்குவது ஆகியவை வீடு மாதிரி: எழுதிக் கொடுக்கலாம், வாடகைக்கு விடலாம், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆனதும் ஊருக்குப் பொதுவாகிவிடும். 57-ஆம் பிரிவு தனி. 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லவும், தன் மதிப்பு கெடும்படி யாராவது சிதைத்தால் தடுக்கவும் ஆசிரியருக்குள்ள உரிமை அது. மற்ற எல்லாவற்றையும் விற்ற பிறகும் அது அவரிடமே இருக்கும். அசல் தற்கிழமை.

காசு வாங்காமல் யாரோ நம் எழுத்தை எடுத்துக்கொண்டால் சண்டைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு இந்தப் பிரிவினை பயன்படும். எனக்கு நேர்ந்த இரண்டைச் சொல்கிறேன். பெரியம்மா ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கதையை அனுப்பி, "எவ்வளவு உருக்கமா எழுதியிருக்கான் பாரு" என்று போட்டிருந்தார். மேலே 'படித்ததில் பிடித்தது' என்றிருந்தது. என் கதைதான். பெயர் இல்லை, கடைசிப் பத்தியில் நான் சாகடித்த கிழவர் பிழைத்துக்கொண்டு பேரனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்று, ஒரு கிராமத்து வாசகசாலையில் பார்த்தது. அதே கதை, ஜெராக்ஸ் தாளில், வலது ஓரம் வெட்டுப்பட்டு, இரண்டு பின் அடித்து, மேலே பால்பாயின்ட் பேனாவில் என் பெயர். பெயரில் ஓர் எழுத்து தப்பு. எத்தனை பேர் தொட்டார்களோ, தாள் மடிப்பில் கிழிந்தே போயிருந்தது.

இரண்டிலும் யாருக்கும் லாபம் இல்லை, இரண்டிலும் என்னிடம் கேட்கவில்லை. முதலாவது என் கையைத் திருகியது. இரண்டாவது, திண்ணையில் உட்கார்ந்து எழுந்து போன மாதிரி.

'லாப நோக்கமற்ற' என்ற சொல்லையும் இங்கே உரசிப் பார்த்துவிட வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் தப்பில்லை என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படியொரு பொதுச் சலுகை கிடையாது. முழுப் புத்தகத்தின் பிடிஎஃப்பைக் குழுவில் போடுவது காசு வாங்காவிட்டாலும் மீறல்தான். 52-ஆம் பிரிவு விலக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது: சொந்தப் படிப்பு, ஆய்வு, விமரிசனம், வகுப்பறை, கட்டணம் இல்லாமல் அமெச்சூர் மன்றம் போடும் நாடகம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் ஆக்குவது. அங்கே முதலில் பார்ப்பது எதற்காக எடுத்தாய் என்பதைத்தான். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை வழக்கே சாட்சி. பாடத்துக்கான பகுதிகளைத் தொகுத்துப் பக்கத்துக்கு இத்தனை பைசா என்று விற்ற கடைமேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் இன்னொரு பெரிய பதிப்பகமும் 2012-இல் வழக்குப் போட்டன. கடை காசு வாங்கியது உண்மைதான். இருந்தும் 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த உரிமை இல்லை என்றும் சொன்னது. மேல்முறையீட்டில், பாடத்துக்குத் தேவையான அளவுதான் எடுக்கப்பட்டதா என்று மட்டும் விசாரிக்கும்படி டிசம்பரில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு பதிப்பகங்களே வழக்கை விலக்கிக்கொண்டன.

எழுத்து எல்லோருக்கும் கிடைக்கத் தமிழில் நாம் கண்ட வழி நாட்டுடைமை. பாரதி பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. பாரதியைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுந்த எதிர்ப்பின் முடிவில், 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பன் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். நாட்டுடைமையும் சற்று ஏமாற்றும் சொல்தான். அரசின் உடைமை என்பதுபோல் ஒலிக்கிறது, நடப்பில் யாரும் அச்சிடலாம் என்று பொருள். அப்போதும் வீடுதான் பொதுவாகிறது. பாரதி பாட்டில் வேறொருவர் பெயரைப் போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

குறளில் பழைமை அதிகாரத்தில் வருகிறது: "விழைதகையான் வேண்டி இருப்பர் கெழுதகையாற் கேளாது நட்டார் செயின்." கெழுதகை என்றாலும் உரிமைதான். நண்பர் உரிமையோடு, கேட்காமலே ஒன்றைச் செய்தால் நல்லவர்கள் விரும்பி ஏற்றுக்கொள்வார்கள். வாசகசாலைக்காரர் எனக்கு நட்டார். பெயரை வெட்டியவரை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே நோட்டீஸ் அனுப்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அனுப்ப முகவரிதான் கிடைக்காது.

அடுத்த தொகுப்பின் உரிமைப் பக்கத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "விற்பனைக்கு அல்லாமல் யாரும் நகலெடுக்கலாம், நடிக்கலாம், படித்துக் காட்டலாம். இதற்கு இதுவே உரிமம். ஆசிரியர் பெயரை நீக்கவோ வரியை மாற்றவோ உரிமம் இல்லை." உரிமை என்னிடம் இருப்பது, உரிமம் அதிலிருந்து நான் அடுத்தவருக்குக் கொடுக்கும் அனுமதி, லைசென்ஸ். மெய்ப்பு பார்த்தவர் இரண்டு இடத்திலும் 'உரிமம்' என்பதை 'உரிமை' என்று திருத்தி அனுப்பியிருந்தார். சிவப்பு மையால் அடித்து, பழையபடி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.