டிஸ்சார்ஜ் ஆயிட்டா குணமாயிட்டாங்கன்னு அர்த்தம் இல்லைங்க

போன வாரம் பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இதை எழுதியே ஆகணும்னு இருக்குது. பக்கவாதம் வந்த பெரியவர், ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, இடுப்புக்குக் கீழ படுக்கைப்புண் எலும்பு தெரியுற அளவுக்குப் போயிருக்குது, பிரஷர் மாத்திரை எப்பவோ நின்னுபோச்சு. டிஸ்சார்ஜ் ஷீட் எங்கம்மான்னு கேட்டா பையன் பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பிப் போறப்ப அவன் பையிலயே போயிடுச்சுங்கறாங்க. "சரியாயிடுச்சுன்னு தானே அனுப்பினாங்க"ன்னு அந்தம்மா கேக்குறாங்க, உண்மையாவே அப்படித்தான் நம்பியிருக்காங்க. இதே வார்த்தைய பாலக்கோட்டுலயும் கேட்டாச்சு, அரூர்லயும் கேட்டாச்சு, தேன்கனிக்கோட்டை பக்கமும் கேட்டாச்சு. போதும்ங்க.

நான் பாக்குற கேர் கோ-ஆர்டினேட்டர் வேலைன்னா என்னன்னு நெறைய பேர் கேக்குறாங்க. ஆஸ்பத்திரி வாசலுக்கும் உங்க வீட்டுக் கட்டிலுக்கும் நடுவுல எதுவும் விட்டுப்போகாம பாத்துக்கறது, அவ்வளவுதான். யாருக்கு பிசியோ வேணும், யாருக்கு டியூப் மாத்தணும், யாருக்கு மாத்திரை தீரப்போவுது, எந்த பி.எச்.சி.க்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) சொல்லணும், எப்ப திரும்ப ஜி.எச்.க்கு (அரசு ஆஸ்பத்திரி) அனுப்பணும், இதெல்லாம் கோர்த்து விடணும். ஆனா வீட்ல இருக்கறவங்க "அதான் முடிஞ்சுதே"ன்னு நெனச்சுட்டா நாங்க என்ன கோர்த்தாலும் நிக்காது.

அதனால இதை மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. டிஸ்சார்ஜ்னா உயிருக்கு இருந்த உடனடி ஆபத்து தாண்டிடுச்சு, இனிமே செய்ய வேண்டிய வைத்தியத்தை வீட்ல இருந்தே செய்யலாம்னு அர்த்தம். வைத்தியம் முடிஞ்சுதுன்னு அர்த்தமே இல்ல. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல எதனால அடைப்பு வந்துதோ, அந்த பிரஷர், சுகர், கொழுப்பு, பீடி, இதுல எதுவும் ஆஸ்பத்திரி கட்டில்லயே தங்கிடாது, உங்களோட பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடும். பக்கவாதம் ஒருதடவ வந்தவங்களுக்கு மறுபடி வர்ற வாய்ப்பு முதல் சில வாரத்துலயும் மாசத்துலயும் தான் ரொம்ப அதிகம், சரியா அந்த நேரத்துலதான் நம்மாளுங்க மாத்திரைய நிறுத்துறாங்க. செக் பண்ணேன், பிரஷர் 130 தான் இருக்குது, எதுக்கு மாத்திரைங்கறாங்க. ஐயா, அந்த 130 மாத்திரை போட்டதால வந்த 130! நிறுத்தினா ஏறிடும். தலைசுத்தல் கூட இருக்காது, சத்தமே இல்லாம ஏறும். கை கால் திரும்பி வர்றதும் அப்படித்தான், பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல செய்யுற பயிற்சியில வர்றது. அந்த மூணு மாசத்த சும்மா படுக்க வெச்சு ஓட்டிட்டு அப்புறம் பிசியோ வரலயான்னு கேட்டா மனசு வலிக்குது.

செயலிழந்த கை கால்ல புறா ரத்தம் தடவுறதப் பத்தி ஒரே வரி: அதால ஒரு நரம்பும் உயிர்க்காது, விட்டுடுங்க. நாட்டு மருந்துக்கு பஸ் ஏறிப் போறவங்க கால்ல விழுந்து கேட்டுக்கறேன், அவங்க பத்தியம்னு சொல்லி இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்தச் சொன்னா மட்டும் நிறுத்தாதீங்க.

டிஸ்சார்ஜ் ஷீட்டுக்கு வருவோம். அது நோயாளி கூடவே இருக்கணும். பெங்களூர், திருப்பூர்னு வேலைக்குப் போற பிள்ளைங்க போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க, பேப்பர வீட்ல விடுங்க. 1-0-1னு போட்டிருந்தா காலைல ஒண்ணு, மதியம் இல்ல, ராத்திரி ஒண்ணு. வார்டுல இருக்குற நர்ஸ் தங்கச்சிங்களுக்கும் ஒரு வேண்டுகோள், கூட்டம் தெரியும், நானும் வார்டுல நின்னவதான், இருந்தாலும் இந்த மூணு நம்பர வாயால ஒருதடவ சொல்லி அனுப்புங்க, வெளிய வந்து நாங்க படுற பாட்டுல பாதி குறையும்.

அப்புறம் இந்த ரெட்டை மாத்திரை பிரச்சன. 2021 ஆகஸ்ட் 5ல மக்களைத் தேடி மருத்துவம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க, அதுல தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை குடுக்குறாங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு பிசியோவும் நர்சும் கூட வீட்டுக்கு வர்ற திட்டம் அது. நல்ல விஷயம். ஆனா தனியார்ல வாங்கினது வேற கலர், அக்கா குடுத்தது வேற கலர்னு ரெண்டையும் சேர்த்து முழுங்கறாங்க. அட்டைய திருப்பி பேரப் படிச்சா அம்லோடிபைன்னு ரெண்டுலயும் ஒரே பேரு! பிரஷர் ஒரேயடியா இறங்கி ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும். வீட்ல இருக்குற எல்லா அட்டையையும் ஒரு கவர்ல போட்டு அந்த அக்காகிட்டயோ பி.எச்.சி டாக்டர்கிட்டயோ காட்டிடுங்க.

படுக்கையில இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைங்க, ஏர் பெட் வாங்கியாச்சேன்னு விட்டுடாதீங்க, அதுலயும் புரட்டணும். இடுப்பு, குதிகால், முட்டி தினமும் பாருங்க. செவந்த எடத்த விரலால அமுக்கி எடுத்தும் செவப்பு போகலன்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு, அந்த எடத்த தேய்க்காதீங்க, மஞ்சள், பவுடர், டெட்டால் எதுவும் போடாதீங்க, அந்தப் பக்கம் படுக்க வைக்காம உடனே சொல்லி அனுப்புங்க. ரப்பர் வளையம் வெச்சு உக்கார வைக்கறத நிறுத்துங்க, அது சுத்தி இருக்குற ரத்த ஓட்டத்தயே அடைக்குது. செயலிழந்த கையப் புடிச்சு இழுத்துத் தூக்காதீங்க, தோள்பட்டை இறங்கிடும்.

சாப்பாடு. படுக்க வெச்சு கூழ் ஊத்தறத நெறைய வீட்ல பாக்குறேன், தயவுசெஞ்சு வேண்டாம். பக்கவாதத்துல முழுங்குற சக்தி குறைஞ்சிருக்கும், ஊத்தினது நுரையீரலுக்குப் போயி நிமோனியா வந்து அதுலயே போய்ச் சேர்ந்தவங்க உண்டு. நல்லா நிமிர்த்தி உக்கார வெச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். குடுக்குறப்ப இருமல் வந்தாலோ குரல் கரகரன்னு ஆனாலோ நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கேளுங்க. மூக்குல டியூப் இருந்தா கேழ்வரகுக் கூழ நல்லா வடிகட்டி நீர்க்க ஊத்துங்க, முன்னாடியும் பின்னாடியும் கொதிச்சு ஆறின தண்ணி கொஞ்சம் விடுங்க, இல்லன்னா அடைச்சுக்கும். யூரின் பைய கட்டில் மேல போடாதீங்க, எப்பவும் கீழயே தொங்கட்டும்.

வாய் கோணுது, ஒரு பக்கம் கை தூக்க முடியல, பேச்சு குளறுதுன்னா அது பக்கவாதத்தோட அறிகுறி, படுத்துத் தூங்கினா சரியாயிடும்னு காத்திருக்காம 108க்கு அடிங்க. எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு நேரத்த பாத்து வெச்சுக்கோங்க, அடைப்பக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ளதான், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுதான் போடுவாங்க. அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு போன்ல கேக்க 104 இருக்குது. ராத்திரில மூக்கு டியூப் கழண்டுட்டா பயந்துக்காதீங்க, ஆனா நீங்களா திரும்ப சொருகாதீங்க, வாய் வழியாவும் எதுவும் ஊத்தாதீங்க, விடிஞ்சதும் நர்ச வரச்சொல்லுங்க இல்லன்னா ஜி.எச்.க்கு கூட்டிட்டுப் போங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடுறவங்களா இருந்தா விடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அப்பவே கிளம்புங்க.